மேடையில் கொடுத்த வீடு

சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்த ஸாதியாவுக்குக் காலையிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அவளுடைய புருஷன் ஜிப்ரி இடுப்பில் கட்டிய சாரத்தோடு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, பின்னேரம் மேடையில் பேசப்போகும் பேச்சைக் கையை நீட்டி நீட்டிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாவத்தை வெறுப்போம், பாவியை வெறுக்க மாட்டோம்" என்கிற இடம் வந்ததும் குரலைத் தழுதழுக்க வைத்தார். அது சரிவரவில்லை போலிருக்கிறது. கனைத்துவிட்டு மறுபடியும் தழுதழுத்தார்.

அந்தப் பாவி வேறு யாருமில்லை, ஸாதியா காக்கா என்று கூப்பிடும் கூடப்பிறந்த அண்ணன் றிஸான். போதைத்தூள் வைத்திருந்ததற்காக மறியல் என்கிற சிறைக்குப் போய், அங்கிருந்து புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, இரண்டு நோன்புப் பெருநாளை உள்ளேயே கழித்துவிட்டு அன்றைக்குத்தான் வெளியே வருகிறான். இப்படி வருகிறவர்களைக் கைதூக்கிவிட ஊரில் ஒரு மறுவாழ்வுக் குழு தொடங்கியிருந்தார்கள். ஜிப்ரி அதற்குச் செயலாளர். குழு வரவேற்கும் முதல் ஆளே செயலாளரின் மச்சான் என்பதில் குழுவுக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது.

"ராவைக்குக் காக்கா எங்க படுக்கிற?" என்று கேட்டாள் ஸாதியா.

ஜிப்ரி கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "அதெல்லாம் குழுவில பேசி முடிச்சாச்சு. ஹமீட் ஹாஜியார்ர ஆத்தங்கரை வாடி சும்மாதானே கிடக்கு. பாயும் தலகாணியும் குடுப்பம்."

ஸாதியா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வாவியை அந்த ஊரில் ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றங்கரையில் கண்டல் மரங்களுக்குள் இருக்கிறது அந்த வாடி. முந்தி வலையும் இறால் பெட்டியும் வைத்த கொட்டில். இப்போது அங்கே என்ன நடக்கிறது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்திப்பட்டால் பெடியன்கள் ஒவ்வொருத்தனாய் உள்ளே போவார்கள். வெள்ளித்தாள் கருகும் மணம் தெரு வரைக்கும் வரும். ஹமீட் ஹாஜியார் குழுவின் தலைவர். ஊரில் எந்த வீட்டில் என்ன ஆணம் காய்ச்சுகிறார்கள் என்பது வரை அறிந்தவர். அவர் கண்ணுக்கு எட்டாத ஒரே இடம் அவருடைய சொந்த வாடிதான்.

"காக்கா பழுதாப்போனதே அங்கதானே! ஆத்தில மூழ்கினவனத் தூக்கியெடுத்து, ஈரம் காய முன்ன திரும்ப ஆத்துக்குள்ள போடவா போறீங்க?"

"வேற எங்க போட? வீட்டில குமர்ப்புள்ளய வச்சிக்கிட்டு ஒரு குடுகாரன உள்ள எடுக்க ஏலுமா? நாளைக்கு நம்மட மகள் றுமானாவ ஒருத்தன் வந்து கேப்பானா?"

"குடுகாரன் எண்டா உங்கட பேச்சில எழுதியிருக்கு?"

"பேச்சு வேற, குடும்பம் வேற" என்றார் ஜிப்ரி. அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கவில்லை.

இந்தக் கரையோரத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்ணுக்குத்தான். பெண் பிறந்தால் வாப்பாவும் கூடப்பிறந்த ஆண்களுமாய் மாடாய் உழைத்து அவளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து அந்த வீட்டில் குடியேறுவார். ஆணுக்குக் கல்யாணம் வரைக்கும் உம்மாவின் வீடு, பிறகு பெண்சாதியின் வீடு. இரண்டும் கைவிட்டுப் போனால் நடுத்தெரு. முஸ்லிம்களும் தமிழர்களும் எத்தனையோ தலைமுறையாய் இப்படித்தான் நடந்து வருகிறார்கள். சரியா பிழையா என்று கேட்டால் பெண்கள் சரி என்பார்கள், ஆண்கள் தலையைச் சொறிவார்கள்.

வாப்பா நேரத்தோடு மவுத்தாகிவிட்டதால் ஸாதியாவுக்கு வீடு கட்டியவன் றிஸான். மீசை சரியாய் முளைக்காத வயதில் கட்டாருக்குப் போய் வெயிலில் கம்பி கட்டினான். ஒவ்வொரு லீவுக்கும் வந்து வீட்டில் ஒரு பங்கை முடித்துவிட்டுப் போவான். ஒரு வரவில் அத்திவாரம், ஒரு வரவில் சுவர். கூலிக்கு ஆள் வராத நாளில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சீமெந்து குழைத்தான். தங்கச்சி காரியம் முடியும் வரைக்கும் தன் கல்யாணப் பேச்சை எடுக்கவே விடவில்லை. எல்லாம் முடிந்து டைல்ஸ் மினுங்கிய பிறகு ஜிப்ரி ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் வாயில் அது "என்ட வீடு".

அதற்காகக் காக்கா மேல் ஸாதியாவுக்கு அருவருப்பே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வண்டி வண்டியாய் இருந்தது. கட்டாரை விட்டு வந்து கொழும்புக்குப் புடவை லொறி ஓடியவனுக்கு, ராத்திரி முழிப்புக்கென்று யாரோ ஐஸ் என்கிற போதையைப் பழக்கினார்கள். பிறகு அந்த முழிப்பை அடக்கத் தூள். கடைசிக் காலத்தில் அவன் வந்தால் வியர்வையும் கருகலும் கலந்த ஒரு நாற்றம் அவனுக்கு முன்னே வீட்டுக்குள் வரும். பல் கறுத்து, உதடு வெடித்து, முகம் பாராமல் பொய் சொல்வான். உம்மா மவுத்தாகி மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்திலும் ஒரு பொய் சொல்லிவிட்டு வாடிக்குப் போனான். அதெல்லாம் போகட்டும். ஒருநாள் பகல் தூக்கத்தில் கிடந்த றுமானாவின் காதிலிருந்து தோட்டைக் கழற்றப் பார்த்தான். பிள்ளை திடுக்கிட்டுத் திரும்ப, காது கிழிந்தது. அன்றைக்கு ஸாதியா விளக்குமாறு தேயத் தேய அடித்து அவனைத் தெருவில் விட்டாள். அவன் பெண்சாதி பர்ஸானா அதற்கு முன்பே காழியாரிடம் போய்ப் பிரிவினை வாங்கியிருந்தாள்.

பிறகு ஒருதரம் புனர்வாழ்வு நிலையத்துக்கு அவனைப் பார்க்கப் போனாள். திட்டுவதற்கென்றுதான் போனாள். சதை பிடித்து, நகம் வெட்டி, சுத்தமாய் வந்து முன்னால் குந்தினவன் வாய் திறந்து முதல் கேட்டது, "றுமானாட காது ஆறிட்டா?" என்பதுதான். திட்டுவதற்குக் கொண்டுபோனதையெல்லாம் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். வரும்போது அங்கே ஆலோசனை சொல்கிற உதயரூபன் ஸேர் வாசல்வரை வந்து சொன்னார்: "உங்கட அண்ணன் நல்லாத்தான் வந்திருக்கார் அக்கா. ஆனா வெளியில போன முதல் கொஞ்ச நாள்தான் கண்டம். பழைய இடத்தில, பழைய மணத்தில படுத்தா இஞ்ச செய்ததெல்லாம் ஆத்தில கரைச்ச புளிதான். சொந்தத்தில ஒருத்தர் கதவத் திறந்தாப் பிழைச்சிருவார்."

பின்னேரம் பள்ளிக்குப் பக்கத்து மண்டபத்தில் விழா. பெண்கள் பச்சைத் திரைக்குப் பின்னால். மேடையில் பதாகை, பூச்சாடி, வரிசையாய் நாற்காலி. வெள்ளைச் சேர்ட்டும் புதுச் சாரமுமாய் றிஸானை நடுவில் குந்த வைத்திருந்தார்கள். திரையின் ஓரத்தால் ஸாதியா பார்த்தாள். அறுக்கக் கொண்டுவந்த கிடாயின் கழுத்தில் மாலை போட்ட மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

ஹமீட் ஹாஜியார் மைக்கைப் பிடித்தார். சமூகம், சீரழிவு, நமது பொறுப்பு என்று நீட்டி முழக்கிவிட்டு, "தம்பி றிஸான், நீங்க செஞ்ச பிழைகள உங்கட வாயால சொல்லுங்க, நம்மட வாலிபர்களுக்குப் படிப்பினையா இருக்கும்" என்றார். றிஸான் எழும்பி நின்றான். "பிழை செஞ்சன். அல்லாஹ் மன்னிக்கணும்" என்றான். ஹாஜியாருக்கு அது போதவில்லை. "கூச்சப்படாம விரிவாச் சொல்லுங்க. என்னென்ன களவெடுத்தீங்க?" என்று ஊக்கம் கொடுத்தார். முன்வரிசையில் போன்கள் உயர்ந்தன. றிஸான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாய்ச் சொன்னான். பிள்ளையின் காதை மட்டும் இரண்டு தரம் சொன்னான். சபை உச்சுக் கொட்டியது. தேநீரோடு கடலை கொறிப்பது மாதிரித்தான் அதையும் கொறித்தார்கள் என்று தோன்றியது ஸாதியாவுக்கு. தூ என்று துப்ப வேண்டும்போல் வாய் ஊறியது, பள்ளிக் காணி என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

பிறகு அன்பளிப்பு. தங்கத் தாளில் சுற்றிய ஒரு பெரிய சுவர்க் கடிகாரம். மாட்ட ஒரு சுவர் இல்லாதவனுக்குச் சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுக்கலாமென்று எத்தனை பேர் கூடி யோசித்தார்களோ.

கடைசியாக ஜிப்ரி. காலையில் ஒத்திகை பார்த்ததெல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது. தழுதழுக்கும் இடத்தில் தழுதழுத்தது. கைதட்டல் விழுந்ததும் மனுஷனுக்குத் தலைகால் தெரியவில்லை. எழுதி வைக்காத ஒன்று வாயிலிருந்து புறப்பட்டது. "என்ட மச்சானுக்காக என்ட வீட்டு வாசல் எப்பவும் திறந்திருக்கும்! இதை நான் உங்க எல்லாரையும் சாட்சி வச்சிச் சொல்றன்!"

மண்டபம் அதிர்ந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற கதை இந்தப் பக்கத்திலும் உண்டு என்பது திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாதா? ஆளுக்கொரு வீட்டுக்குச் சொந்தக்காரிகள் அவர்கள். பக்கத்து வீட்டுச் சபூரா மாமி ஸாதியாவின் விலாவில் இடித்தாள்.

"ஆர்ர வீடு புள்ள? ஓட்டமாவடியில இருந்து வரக்குள்ள பெட்டிக்குள்ள வச்சா கொண்டந்தவரு?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஸாதியா சிரிக்கவில்லை. மனுஷன் ஊருக்கு முன்னால் தன் வாயாலேயே கதவைத் திறந்துவிட்டார். இனி அதைச் சாத்த விடக் கூடாது என்ற ஒன்றைத் தவிர அவளுக்கு வேறு யோசனை இல்லை.

துஆ ஓதி முடிந்து ஆண்கள் புரியாணிப் பக்கம் நகர்ந்தார்கள். ஸாதியா பெண்கள் வாசலால் வெளியே வந்து, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு ஆண்கள் நிற்கும் பக்கத்துக்கே போனாள். கடிகாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நின்றான் றிஸான். பக்கத்தில் ஹமீட் ஹாஜியார் வாடிச் சாவியோடு.

"காக்கா, வாங்க. வீட்ட போவம்."

"புள்ள, இவருக்கு நாங்க வேற ஏற்பாடு..." என்று தொடங்கினார் ஹாஜியார்.

"இப்பதானே ஹாஜியார் எங்கட இவரு மைக்கில சொன்னாரு. நீங்களும் சாட்சிதானே. முகநூல்லயும் போயிருக்குமே."

எல்லோரும் ஜிப்ரியைப் பார்த்தார்கள். அவர் முகம் ஒரு கணம் செத்த மீனாய் வெளுத்து, பிறகு பல்லைக் காட்டியது. "ஓம் ஓம், நான் சொன்னதுதானே. கூட்டிட்டுப் போங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் றிஸான் படியில் கால் வைக்காமல் முற்றத்திலேயே நின்றான். றுமானா முக்காட்டைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, ஸலாம் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நிலத்தைப் பார்த்தபடியே வாங்கிக் குடித்தான்.

"மச்சான் சொன்னது மேடைக்கு. அது எனக்கு விளங்கும் தங்கச்சி" என்றான். "நான் இஞ்ச மாமரத்துக்குக் கீழ படுக்கிறன். மழை வந்தா குசினித் தாவாரத்தில ஒதுங்குறன். வாடிக்கு மட்டும் அனுப்பிராதே. அந்த மணம் பட்டா நான் முடிஞ்சன். எனக்கு என்னையத் தெரியும்."

"தாவாரத்திலயா? நீங்க கட்டின வீட்டுத் தாவாரத்திலயா? உள்ளுக்கு வாங்க."

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜிப்ரி வந்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு குரலை அடக்கிக் கத்தினார். குரலை அடக்கிக் கத்துகிறவர்களைப் பார்த்தால் ஸாதியாவுக்கு எப்போதும் பிடிக்காது.

"என்ன மானம் கெட்ட வேலை செஞ்ச? ஊருக்கு முன்னால என்னைய மடக்கினயே!"

"நீங்களாத்தான் மடங்கினீங்க."

"றுமானாட காத மறந்திட்டியா?"

"மறக்கல்ல. ராவைக்கு அவள் என்னோட கதவப் பூட்டிக்கிட்டுப் படுப்பாள். காக்கா நடு அறையில படுப்பாரு. நான் கண்ண மூடிக்கிட்டு நம்புற ஆள் இல்ல. ஆனா சாகட்டும் எண்டு வாடிக்கு அனுப்புற ஆளும் இல்ல."

"அப்ப ஒண்டு சொல்லு. இந்த வீட்டில அவரா, நானா?"

சொல்லிவிட்டு அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியை இழுத்துக் கட்டிலில் போட்டார். வேறு ஊர்களில் இந்த மிரட்டல் எடுபடுமோ என்னவோ. பெண்சாதி வீட்டில் குடியிருந்துகொண்டு "நான் போறன்" என்று சொல்கிற ஆண், சொல்லுமுன் எங்கே போவதென்று யோசித்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருடம் "என்ட வீடு, என்ட வீடு" என்று சொல்லிச் சொல்லி ஜிப்ரிக்கு அது மறந்துபோயிருந்தது. ஸாதியா கொடியிலிருந்த சாரங்களை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "விழாவுக்குப் போட்ட சட்டையக் கழட்டித் தாங்க, அதையும் வச்சிருறன்" என்றாள்.

ஜிப்ரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனார். போனவர் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு போன் அடித்தார். ஓட்டமாவடியில் உம்மாவின் வீடு இப்போது அவர் தங்கச்சியின் வீடு. எடுத்துப் பேசியது தங்கச்சி புருஷன். பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கிறார்கள், இரண்டு நாள் கழித்து வந்தால் நல்லது என்றான். குழு உறுப்பினர்களுக்கு அடித்தார். ஒருத்தர் வீட்டில் சம்பந்தி வந்திருந்தார்கள், ஒருத்தருக்குக் காய்ச்சல். ஹமீட் ஹாஜியார் மட்டும் பெரிய மனது பண்ணி, "வாடிச் சாவி என்னட்டத்தான் இருக்கு, தரட்டா?" என்று கேட்டார். ஜிப்ரி போனை வைத்துவிட்டார்.

தெருவால் போனவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், ஸலாம் சொல்லிவிட்டு மெதுவாய் நடந்தார்கள். ஸாதியா யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம் என்று ஒரு துளி வரட்டும் என்று காத்துப் பார்த்தாள், வரவில்லை.

எழும்பிப் போனவன் றிஸான்தான். கேற்றைத் திறந்து, பெட்டியைத் தன் கையில் வாங்கினான்.

"மச்சான், உள்ளுக்கு வாங்க. தெருவில நிக்கிறது நல்லாயில்ல. நான் நிண்டு பாத்திருக்கன்."

ஜிப்ரி பின்னால் வந்தார். கால் கழுவிக்கொண்டு நடு அறைக் கதிரையில் குந்தினார். ஸாதியா சோற்றுப் பானையை இறக்கும்வரை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறார், இனியாவது மனுஷனாவார் என்று அவளும் ஒரு நிமிஷம் ஏமாந்தாள். திடீரென்று முகம் தெளிந்து எழும்பினார்.

"சரி, நடந்தது நடந்து போச்சு. இதையும் நல்லதாத்தான் எடுக்கணும். மச்சான், ஒரு படம் எடுப்பம். 'சொன்னதைச் செய்தார் செயலாளர்' எண்டு குழுட பக்கத்தில போடலாம். முதல்ல உங்கள மட்டும். அந்தச் சுவரடியில நில்லுங்க, வெளிச்சம் அங்கதான் நல்லா இருக்கு."

றிஸான் மறுக்கவில்லை. எழும்பிப் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றான். குதிகால் இரண்டையும் சேர்த்தான், கையை விலாவோடு இறுக்கினான், நாடியை உயர்த்தி நேரே பார்த்தான். ஜிப்ரியின் போன் ஒருதரம் மின்னியது. யாரும் ஒன்றும் சொல்லாமலேயே றிஸான் ஒரு பக்கமாய்த் திரும்பி, முகத்தின் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றான்.

ஸாதியாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். அவன் தன் கையால் சீமெந்து குழைத்துப் பூசிய சுவர் அது.

"ஆ, அதுவும் நல்லாத்தான் இருக்கு. அப்பிடியே நில்லுங்க" என்றார் ஜிப்ரி.

அவள் இருவருக்கும் நடுவே போய் நின்றாள். காக்காவின் தாடையில் கையை வைத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். சிறுவயதுக்குப் பிறகு அவனை அவள் தொட்டது அன்றைக்குத்தான்.

"காக்கா, இது மறியல் இல்ல. குந்துங்க."

அவன் அப்போதும் உத்தரவுக்குக் காத்து நிற்பவன் போல் நின்றான். தோளைப் பிடித்து அழுத்திக் குந்த வைத்தாள்.

"என்ன புள்ள, ஒரு படம்தானே?" என்றார் ஜிப்ரி. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"உங்களக் காண எனக்குக் குமட்டிச் சத்தி வருது" என்றாள் ஸாதியா. குரலை உயர்த்தவில்லை. றுமானாவைக் கூப்பிட்டு மூன்று பிங்கானை எடுத்து வைக்கச் சொல்லி, காக்காவுக்கு முதலில் சோறு போட்டாள். ஜிப்ரி போனைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பசித்தால் அவரே போய் ஒரு பிங்கான் எடுத்து, கழுவி, போட்டுத் தின்னட்டும்.